ஜாயிஸ்ட்டுக்குச் சரியாகச் சொல்லும், உத்திரத்துக்கு வாயே திறக்காது: ஏ.டபிள்யூ.சி. ஸ்பேன் கால்குலேட்டர் எப்படி இருக்கிறது?

“2×10 மரம் எத்தனை அடி தாங்கும்?” டெக் (வீட்டையொட்டி வெளியே போடும் மர மேடை) போட நினைக்கும் எவரும் முதலில் கேட்பது இதுதான். இந்தக் கேள்விக்கு இப்படியே பதில் கிடையாது. என்ன மரம், என்ன தரம், எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, மேலே எவ்வளவு எடை, உள்ளே இருக்குமா மழையில் நனையுமா, எவ்வளவு தொய்வு பொறுப்பீர்கள் என்று இத்தனையும் சொன்னால்தான் ஓர் எண் வரும். அமெரிக்கன் வுட் கவுன்சில் (ஏ.டபிள்யூ.சி.) தன் வலைத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஸ்பேன் கால்குலேட்டர் (ஸ்பேன் என்பது இரண்டு தாங்கல்களுக்கு இடையே மரம் தாண்டும் நீளம்) இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் அடி-அங்குலத்தில் ஒரு விடை தருகிறது. கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தப்பு நடப்பதெல்லாம் நாம் பெட்டிகளை நிரப்பும் இடத்தில்.

அமெரிக்காவில் வீடு கட்டுவோருக்கான கருவி இது. அலகுகள் அடி, அங்குலம், பவுண்டு. மரங்கள் அங்கே தர முத்திரையோடு விற்கும் டக்ளஸ் ஃபர்-லார்ச், சதர்ன் பைன், ஹெம்-ஃபர், ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் வகையறா. தேக்கும் கோங்கும் வைத்துக்கொண்டு இதைத் திறப்பதில் பயனில்லை.

முதலில் கணக்கைச் சோதித்துவிடலாம். டக்ளஸ் ஃபர், நம்பர் 2 தரம், 2×10, 16 அங்குலத்துக்கு ஒன்று, தரை ஜாயிஸ்ட் (தரையைச் சுமக்க வரிசையாக வைக்கும் மரம்), லைவ் லோடு (ஆள், சாமான் எடை) சதுர அடிக்கு 40 பவுண்டு, டெட் லோடு (கட்டுமானத்தின் சொந்த எடை) 10, தொய்வு எல்/360 (ஸ்பேனில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது). 2×10 என்று பெயர்தான். இழைத்து வரும் மரத்தின் நிஜ அளவு 1½ × 9¼ அங்குலம். இந்தத் தரத்துக்கு அடிப்படை வளைவு வலிமை சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டு. பத்தங்குல மரத்துக்கான அளவுக் காரணி 1.1. அடுத்தடுத்து ஜாயிஸ்ட்டுகள் சேர்ந்து சுமப்பதால் இன்னொரு 1.15. பெருக்கினால் 1138.5. ஒரு ஜாயிஸ்ட்டின் மேல் வரும் எடை, ஓடும் அடிக்கு 66.7 பவுண்டு. கையால் போட்டால் வளைவு வலிமை அனுமதிக்கும் ஸ்பேன் 15 அடி 7 அங்குலம். தொய்வை மட்டும் பார்த்தால் 16 அடி 5 அங்குலம் வரை போகலாம். இரண்டில் சிறியதுதான் விடை, ஆகவே 15 அடி 7 அங்குலம். விடையின் கீழே, காரணிகளெல்லாம் பெருக்கிய பிறகான வலிமை எண்ணையும் கருவி காட்டிவிடுகிறது. இது நல்ல வழக்கம். அந்த எண்ணை ஒரு முறை பார்த்தால் எந்தக் காரணி சேர்ந்தது, எது விடுபட்டது என்று பிடித்துவிடலாம்.

இப்போது அதே மரம், அதே எடை. டெக்குக்கு என்பதால் “ஈரச் சூழலா?”, “இன்சைஸ்டு மரமா?” என்ற இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’ சொல்லிப் பாருங்கள். விடை 13 அடி 11 அங்குலத்துக்கு இறங்கிவிடும். ஒரே மரத்தில் 20 அங்குல வித்தியாசம்.

ஏன் இவ்வளவு? இன்சைஸ்டு என்பது மரத்தின் முகத்தில் வரிசையாகச் சிறு கீறல்கள் போட்டிருப்பது. டக்ளஸ் ஃபர், ஹெம்-ஃபர் போன்றவற்றின் வைரப் பகுதிக்குள் பூச்சி மருந்து சுலபத்தில் இறங்காது. அதனால் மருந்தேற்றும் முன்பு கீறிவிடுகிறார்கள். கீறல் மருந்தை உள்ளே விடும், கூடவே மேல்-கீழ் விளிம்பு நார்களையும் அறுத்துவிடும். ஜாயிஸ்ட் வளையும்போது முழு இழுவையும் அழுத்தமும் அந்த விளிம்பு நார்களில்தான். ஆகவே வளைவு வலிமை 0.80-ஆல் பெருக்கப்படுகிறது, விறைப்புக்கு 0.95. ஈரத்துக்குத் தனிக் கழிவு: விறைப்பு 0.9, மரம் நசுங்காமல் தாங்கும் வலிமை 0.67. ஈரத்தால் வளைவு வலிமைக்கும் 0.85 என்று ஒரு கழிவு உண்டு, ஆனால் அளவுக் காரணி சேர்ந்த வலிமை 1150-ஐத் தாண்டாத மரத்துக்கு அது கிடையாது. நம் மரம் 990, தப்பித்துக்கொண்டது.

சதர்ன் பைன் மருந்தை எளிதாகக் குடிக்கும், கீறத் தேவையில்லை. அதற்கு ‘இன்சைஸ்டு’ கேள்வியில் ‘இல்லை’ என்பதே சரி. சந்தேகம் இருந்தால் மரத்தைப் புரட்டிப் பாருங்கள், கீறல் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கேள்விகளையும் படிக்காமல் தாண்டுவதுதான் இந்தக் கருவியில் அதிகம் நடக்கக்கூடிய தவறு. நிறுவனம் அவற்றை இன்னும் பெரிதாக, டெக் என்ற சொல்லோடு சேர்த்துக் கேட்டிருக்கலாம். ‘டெக் ஜாயிஸ்ட்’ என்று ஒரு தனி வகையே வைத்திருந்தால் பாதித் தவறு நடக்காது. இப்போதைக்கு ‘தரை ஜாயிஸ்ட்’ என்று தேர்ந்தெடுத்து ஈரத்தை நாமேதான் சேர்க்க வேண்டும்.

மர வகைப் பட்டியலில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர்’ என்றும் ‘ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் (சவுத்)’ என்றும் அடுத்தடுத்து இரண்டு பெயர். ஒன்றுதான் என்று நினைத்துக் கை போன இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போச்சு. முதலாவது, நம்பர் 2 தரத்தில் 875 வலிமை, 14 லட்சம் விறைப்பு. சவுத் என்பது 775, 11 லட்சம். மேலே போட்ட அதே தரைக் கணக்கில் (உலர்ந்த சூழல்) முதலாவது 15 அடி 4 அங்குலத்தைத் தாண்டும்; சவுத் 14 அடி 5 அங்குலத்தோடு நின்றுவிடும், அதுவும் வளைவால் அல்ல, தொய்வால். மரத்தில் குத்திய முத்திரையில் ‘எஸ்’ எழுத்து கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கருவியைத் திறப்பது உத்தமம். தரமும் அப்படியே. கடையில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் நம்பர் 2 தான். ‘செலக்ட் ஸ்ட்ரக்சுரல்’ என்ற உயர் தரத்தைப் போட்டால் ஸ்பேன் அழகாக நீளும். அந்த மரம் கையில் இருந்தால் போடுங்கள்.

காகித அட்டவணையைக் காட்டிலும் இந்தக் கருவியை நம்பச் சொல்வதற்கு முக்கியக் காரணம் சதர்ன் பைன். 2013 ஜூன் 1 முதல் அதன் வலிமை எண்கள் குறைக்கப்பட்டன. நம்பர் 2, 2×10-க்கு 1050-ஆக இருந்தது 800 ஆயிற்று. பழைய எண்ணில் 16 அங்குல இடைவெளிக்கு 16 அடி 1 அங்குலம் வந்தது. புதிய எண்ணில் 14 அடி. பழைய கையேட்டைப் பார்த்து 16 அடிக்கு ஜாயிஸ்ட் போட்டால் அன்றே உடைந்துவிடாது, ஆனால் விதி கேட்கும் பாதுகாப்பு விளிம்பில் நல்ல பங்கு கரைந்திருக்கும். பக்கத்து வீட்டு டெக் இருபது வருடமாக அப்படியே நிற்கிறதே என்பது ஒரு வாதமே இல்லை. அது ஒரு நாளும் சதுர அடிக்கு 40 பவுண்டைப் பார்த்திருக்காது. வீட்டு விசேஷத்தில் எல்லாரும் புகைப்படத்துக்கு ஒரே மூலையில் நெருக்கியடித்து நிற்கும் நாளில்தான் அந்த எடை வரும்.

அதே சதர்ன் பைன் 2×10, 12 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் 16 அடி 2 அங்குலம், 24-க்கு ஒன்று வைத்தால் 11 அடி 5 அங்குலம். இடைவெளிப் பட்டியலில் 19.2 என்றொரு விசித்திர எண்ணும் இருக்கும். எட்டடிப் பலகையை (96 அங்குலம்) ஐந்தாகப் பிரித்தால் வருவது அது. டேப்பில் சின்ன வைரக் குறி போட்டிருப்பதும் இதற்குத்தான். தரைக்குச் சிக்கனம்; டெக்குக்கு உதவாது. மேலே போடும் 5/4 பலகை (பெயரளவில் ஒன்றேகால் அங்குலத் தடிமன்) நேராக ஓடினால் ஜாயிஸ்ட் 16 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், 45 பாகைச் சாய்வில் ஓடினால் 12-க்குள். 19.2-க்கு வைத்தால் ஜாயிஸ்ட் தாங்கும், நடுவில் பலகை கிணுகிணுக்கும். கருவிக்கு மேலே என்ன பலகை வருகிறது என்று தெரியாது.

இனி உத்திரம். கருவியின் முழுப் பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள்: இது ஜாயிஸ்ட்டுக்கும் கைமரத்துக்கும் (கூரையின் சாய்வு மரம்) மட்டும். உத்திரத்துக்குப் பெட்டியே இல்லை. ஆனாலும் சிலர் எடையைப் பெருக்கி, ஜாயிஸ்ட் பெட்டியிலேயே உத்திரத்தை நுழைத்து விடை வாங்கப் பார்க்கிறார்கள். கூடாது. ஜாயிஸ்ட் கணக்கில் 1.15 என்ற ‘சேர்ந்து சுமக்கும்’ காரணி தானாக நுழைந்துவிடும். இரண்டு 2×10-ஐச் சேர்த்து ஆணியடித்த உத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குக் குறைந்தது மூன்று துண்டுகள் வேண்டும். இல்லாத 15 சதவீத வலிமையை இருப்பதாக நினைத்துக் கட்டுகிறோம்.

உத்திரத்தைக் கையால் போடுவது பெரிய வித்தை அல்ல. ஜாயிஸ்ட் ஸ்பேன் 12 அடி, ஒரு முனை வீட்டுச் சுவரில், மறு முனை உத்திரத்தில். உத்திரத்துக்கு வருவது பாதி, 6 அடி அகலத்தின் எடை. லைவ், டெட் இரண்டும் சேர்ந்த 50-ஆல் பெருக்கினால் ஓடும் அடிக்கு 300 பவுண்டு. சதர்ன் பைன் நம்பர் 2, இரட்டை 2×10 என்றால் தூணுக்குத் தூண் 8 அடி 8 அங்குலம் வரும். உத்திரத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இங்கேதான் எல்லாரும் சறுக்கும் இடம். ஜாயிஸ்ட்டை உத்திரத்தைத் தாண்டி 3 அடி வெளியே நீட்டிவிடுகிறார்கள். விதி அனுமதிப்பதும் அதுதான், ஸ்பேனில் கால் பங்கு வரை நீட்டலாம். நீட்டிய 3 அடியை மட்டும் கூட்டி 6+3=9 என்று கணக்குப் போடுவதுகூடப் போதாது. நீட்டிய பாகம் நெம்புகோல் போல மறுமுனையைத் தூக்கப் பார்க்கும்; அந்தச் சுமையும் உத்திரத்தின் தலையில்தான் விழும். (ஸ்பேன் + நீட்டல்) வர்க்கத்தை ஸ்பேனின் இருமடங்கால் வகுக்க வேண்டும்: 15 × 15 ÷ 24 = 9.375 அடி. எடை 300-லிருந்து 469 பவுண்டாக ஏறிவிட்டது, 56 சதவீதம் கூடுதல். தூண் இடைவெளி 8 அடி 8 அங்குலத்திலிருந்து 7 அடிக்கும் கீழே. ஜாயிஸ்ட்டைப் பொறுத்தவரை எதுவும் கெடவில்லை, கால்குலேட்டரும் ‘14 அடி வரை போகலாம், நீ 12 தானே’ என்று திருப்தியாக இருக்கும். தொங்குவது உத்திரம்.

டெக்குக்கு இந்தக் கருவியைத் தனியாகப் பயன்படுத்தாமல், அதே நிறுவனம் இலவசமாகத் தரும் டி.சி.ஏ. 6 என்ற டெக் கையேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம். உத்திரம், தூண், லெட்ஜர் போல்ட் (டெக்கை வீட்டுச் சுவரோடு பிணைப்பது), கைப்பிடி எல்லாம் அதில் இருக்கிறது. அதன் ஜாயிஸ்ட் அட்டவணையில் ஈரச் சூழலும் நம்பர் 2 தரமும் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருக்கின்றன, கீற வேண்டிய மரங்களுக்குக் கீறலும் சேர்த்தே. 16 அங்குலத்துக்கு சதர்ன் பைன் 2×10 என்றால் 14 அடி என்றுதான் அதிலும் இருக்கும். டக்ளஸ் ஃபர் வரிசையில் மட்டும் கருவி 13 அடி 11 அங்குலம் சொல்லும், கையேடு 13 அடி 7 அங்குலம் சொல்லும். பிழை இல்லை. கையேடு டக்ளஸ் ஃபரையும் ஹெம்-ஃபரையும் ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபரையும் ஒரே வரிசையில் அடைத்திருக்கிறது. அவற்றில் மெலிந்த ஹெம்-ஃபரின் 850 வலிமைக்குப் போட்ட எண் அது. எந்த மரம் வருமென்று தெரியாதபோது கையேட்டின் எண்ணே பத்திரம்.

கூரைப் பக்கம் போகலாம். கைமரத்துக்கு இரண்டு வகை கேட்கும்: பனி எடை, கூரை லைவ் லோடு. சும்மா ஒன்றைத் தட்டிவிடக் கூடாது. மரம் குறைந்த நேரம் சுமந்தால் கூடுதல் எடை பொறுக்கும் என்பதால், பனிக்கு 1.15, கூரை மேல் ஆள் ஏறும் எடைக்கு 1.25 என்று வலிமை கூட்டப்படுகிறது. பனி விழும் ஊரில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நான்கு சதவீத ஸ்பேன் இலவசமாக வந்த மாதிரி தெரியும். பனியோ மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

டெட் லோடையும் யோசித்துப் போட வேண்டும். டக்ளஸ் ஃபர் நம்பர் 2, 2×8 கைமரம், 24 அங்குலத்துக்கு ஒன்று, பனி 30 பவுண்டு. டெட் லோடு 10 என்றால் 12 அடி 6 அங்குலம். 20 என்றால் 11 அடி 2 அங்குலம். லேசான ஷிங்கிளைக் கழற்றிவிட்டுக் களிமண் ஓடு போட நினைப்பவர்கள் ஓட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன்பு இந்த இரண்டு எண்களைப் பார்க்கட்டும்.

கருவி தரும் கைமர ஸ்பேன் கிடைமட்ட அளவு. சாய்வில் டேப்பைப் பிடித்து அளந்த நீளம் அல்ல. 12-க்கு 6 சாய்வுள்ள (12 அங்குலம் கிடையாகப் போனால் 6 அங்குலம் ஏறும்) கூரையில் 12 அடி கிடை ஸ்பேன் என்பது சாய்வில் 13 அடி 5 அங்குலம். குழப்பிக்கொண்டு சாய்வு நீளத்தை ஸ்பேனாகப் போட்டால் தேவைக்குப் பெரிய மரம் வாங்குவீர்கள், பணம்தான் நஷ்டம். தலைகீழாக, கருவி சொன்ன அளவுக்கே மரத்தை வெட்டச் சொன்னால் கைமரம் முகட்டை எட்டாது.

கருவிக்குச் சுத்தமாகத் தெரியாத இன்னொன்று, கைமரத்தின் அடியை யார் இழுத்துப் பிடிக்கிறார்கள் என்பது. எதிரெதிர்க் கைமரங்கள் முகட்டில் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. கீழ் முனைகள் சுவரை வெளியே தள்ளுகின்றன. 24 அடி அகல வீடு, 12-க்கு 4 சாய்வு, மொத்த எடை 40 பவுண்டு, 16 அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒவ்வொரு கைமரமும் சுவரைத் தள்ளும் விசை 960 பவுண்டு. சீலிங் ஜாயிஸ்ட் சுவர் மட்டத்திலேயே அதைப் பிடித்திருக்கிறது என்று வைத்துத்தான் எல்லா அட்டவணைகளும் போடப்பட்டவை. உயரமான சீலிங் வேண்டுமென்று அந்தப் பிணைப்பை மேலே ஏற்றினால் ஸ்பேனைக் குறைக்க வேண்டும். சுவர் தலைமட்டத்திலிருந்து முகடு வரையான உயரத்தில் ஆறில் ஒரு பங்கு ஏற்றினால் 0.90-ஆல் பெருக்கவும், நான்கில் ஒன்றுக்கு 0.76, மூன்றில் ஒன்றுக்கு 0.67. மூன்றில் ஒன்று ஏற்றினால் மேலே பார்த்த 12 அடி 6 அங்குலம் 8 அடி 4 அங்குலமாகச் சுருங்கிவிடும். பிணைப்பே வேண்டாம் என்றால் முகட்டுப் பலகை போதாது. இரு முனையிலும் தூண் வைத்த முகட்டு உத்திரம் வேண்டும். சாய்வு 12-க்கு 3-க்கும் குறைவென்றால் ஐ.ஆர்.சி. (அமெரிக்காவில் வீடுகளுக்கான கட்டட விதித்தொகுப்பு) விதியே அதைக் கேட்கிறது. அந்த உத்திரத்தையும் இந்தக் கருவியிடம் கேட்க முடியாது.

சம எடைக்கு மட்டும்தான் கணக்கு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். மூன்றடி ஆழத் தண்ணீர் சதுர அடிக்கு 187 பவுண்டு. ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வைக்கிற இடத்தில் 40-க்குப் போட்ட விடைக்கு அர்த்தமில்லை. அதற்கு ஒரு பொறியாளரைப் பார்த்துவிடுங்கள்.

‘ஸ்பேன் ஆப்ஷன்ஸ்’ என்ற துணைக் கருவியும் உண்டு. இது தலைகீழாக வேலை செய்யும்: உங்கள் ஸ்பேனைச் சொன்னால் எந்தெந்த மரம், தரம், அளவு, இடைவெளி ஒத்துவரும் என்று பட்டியல் தரும். கடையில் இருப்பதை வைத்து முடிவெடுப்பவருக்கு இதுவே முதல் கருவியைவிட உபயோகம்.

விடையோடு கூடவே ‘குறைந்தபட்ச தாங்கு நீளம்’ என்று ஒரு சிறு எண்ணும் வரும். ஈரச் சூழலில் சதர்ன் பைன் 2×10, 14 அடிக்குப் போட்டால் அது 0.82 அங்குலம். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் உட்கார்ந்தால் போதும் என்று அதைப் படிக்காதீர்கள். மரம் நசுங்காமல் இருக்க அவ்வளவு போதும், அவ்வளவே. விதிப்படி மரத்தின் மேலோ இரும்பின் மேலோ 1½ அங்குலம், செங்கல், கான்கிரீட் மேல் 3 அங்குலம் இருந்தாக வேண்டும். குழாய் விடுவதற்காகப் போடும் வெட்டும் இப்படித்தான், கருவி முழு மரத்தைத்தான் கணக்கில் எடுத்தது. 9¼ அங்குல ஜாயிஸ்ட்டில் வெட்டு ஆறில் ஒரு பங்குக்கு, அதாவது 1½ அங்குல ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. நடு மூன்றில் ஒரு பங்கில் வெட்டே கூடாது. துளை என்றால் அதன் விட்டம் மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, மேல்-கீழ் விளிம்பிலிருந்து 2 அங்குலம் தள்ளி. பெர்மிட்டுக்குக் கொடுக்கும்போது ஸ்பேன் எண்ணை மட்டும் எழுதாமல், மர வகை, தரம், எடை, ஈரம், கீறல் எல்லாம் தெரியும்படி அந்தப் பக்கத்தை முழுதாக அச்செடுத்து இணைத்துவிடுங்கள். பார்க்கிறவர் முதலில் தேடுவது விடையை அல்ல, நீங்கள் நிரப்பிய பெட்டிகளை.